சுவரில் சாய்ந்து நின்ற பின்சீற்

எங்கள் கிளப்பின் வான் வண்டியில் பின்சீற், அதாவது பின் இருக்கை, நாலு போல்ற்றில் நிற்கும். பதின்மூன்றாம் நம்பர் ஸ்பனர் போதும். நாலையும் கழற்றி, சீற்றை நிமிர்த்தி, பக்கக் கதவால் வெளியே எடுத்து மண்டபச் சுவரில் சாய்த்துவிட்டால் வானுக்குள் நாலு பெரிய பெட்டி, ஒரு மெத்தை, ஒரு டிவி எல்லாம் வைக்கலாம். வேலையில் நான் பயந்தது இந்த நாலு போல்ற்றுக்குத்தான்.

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிச் செயலாளர் ரூபன் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணை, எல்லாரும் ரெஸ்ரோரன்ற், பக்ரறி எண்டு எழுதியிருக்கினம். நீங்கள் மட்டும்தான் உந்த நெடுவலுகளோடை நிண்டனீங்கள். கூடைப்பந்து கிளப்பிலை ஒரு தமிழன் என்ன வேலை செய்தவர் எண்டு சனத்துக்குத் தெரிய வேணும்."

"எனக்கு எழுத வராது தம்பி."

"உங்களுக்குக் கதைக்கவும் வராது அண்ணை. அதாலைதான் எழுதச் சொல்லுறன்."

மனைவி மலர் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்று சிரித்தது கேட்டது. அதனால் ஒத்துக்கொண்டேன்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. அண்மையில் மண்டபப் பக்கம் போனேன். இப்போது வான் ஓட்டுவது ஒரு துருக்கிப் பெண். புது வான். ஒரு பொத்தானை அமத்தினால் பின்சீற் தானாக மடிந்து தரைக்குள் போய்விடுகிறது. சத்தமே இல்லை. "உங்கடை காலத்திலை சீற்றைத் தூக்கினதோ?" என்று கேட்டுச் சிரித்தாள். இப்போது ஆட்டக்காரருக்குத் தாங்கள் நிற்கிறோமா போகிறோமா என்பது பயிற்சியாளர் சொல்ல முதலே ரெலிபோனில் வந்துவிடுகிறதாம். அதோடு ஆள் எடுக்கிற பாதையும் திரும்பிவிட்டது. முன்பு அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடி முடித்தவர்களை நாங்கள் இங்கே எடுத்தோம். இப்போது நாங்கள் சின்ன வயதிலிருந்து வளர்த்த பெடியளை அந்தக் கல்லூரிகள் அங்கே எடுக்கின்றன. இந்த வருடமும் சிலர் போய்விட்டார்களாம்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எண்பதுகளில் ஜேர்மனிக்கு அகதியாக வந்தேன். கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்து ஊர். மண்டபம் கூட்டுகிற வேலை கிடைத்தது. அந்த மண்டபம் ஒரு கூடைப்பந்து கிளப்பின் மண்டபம். கிளப்பின் சாரதிக்கு முதுகு வருத்தம் வந்தபோது "உனக்கு லைசன்ஸ் இருக்கோ?" என்று கேட்டார்கள். இருந்தது. ஓய்வு பெறும் வரை வான் ஓட்டினேன், உடுப்புத் தோய்த்தேன், தண்ணீர்ப் போத்தல் நிரப்பினேன். என் படிப்பு அவ்வளவுதான்.

வெளியே இருப்பவர்களுக்கு ஒரு அணி எப்படிச் சேர்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு கோடையும் அணி கிட்டத்தட்ட வெறுமையாகும். நல்லாய் விளையாடியவன் பெரிய கிளப்புக்குப் போவான். விளையாடாதவனை நாங்கள் அனுப்புவோம். மிச்சம் இரண்டு மூன்று பேர். அங்கிருந்து திரும்பக் கட்டவேண்டும். கிளப்பிடம் வெளிநாட்டுக்காரருக்கு நாலு இடம், நாலு வீடு. அதற்கு மேல் இல்லை. ஒருவன் வரவேண்டுமென்றால் ஒருவன் போகவேண்டும்.

பயிற்சியாளர் ஹெர் ஓல்சன். என் காலத்தில் அதிக வருடம் இருந்தவர் அவர்தான். முன்பு அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். ஆள் தேடுவது எப்படி என்று அங்கே பழகினாராம். கோடை முழுக்க மேல்மாடி அறையில் யன்னலை மூடிக்கொண்டு கல்லூரி ஆட்டங்களைப் பார்ப்பார். பந்தை அல்ல, பந்து கையில் இல்லாதவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பார். தனியாள். மண்டபத்துக்கு எதிர்ப்பக்கம் கிளப்பின் ஒற்றை அறை வீட்டில் இருந்தார். கத்த மாட்டார். அத்தனை வருடமும் என்னை "நீங்கள்" என்றும் "ஹெர் சிவபாலன்" என்றும்தான் சொன்னார். அவர் ஜேர்மனில் சொன்னதை நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

புதியவனை எடுக்க நான் பிராங்பேர்ட் விமான நிலையத்துக்குப் போவேன். மற்றவர்கள் பெயர் எழுதிய மட்டையோடு நிற்பார்கள். நான் கக்கத்தில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு நிற்பேன். கூட்டத்துக்கு மேலே ஒரு தலை தெரியும். அந்தத் தலை பந்தைக் கண்டதும் சிரிக்கும். வீட்டுக்குப் போக மாட்டோம். நேரே கிளப்பின் டாக்குத்தரிடம். "பெட்டி வானிலேயே இருக்கட்டும்" என்று சொல்வேன். ஏன் என்று ஒருவனும் கேட்டதில்லை. டாக்குத்தர் வேண்டாம் என்றால் அதே பெட்டியோடு திரும்ப விமான நிலையம். இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறேன். டாக்குத்தரின் வாசலில் வானுக்குள் இருந்து அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே வருகிறவனின் தோளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதன் பிறகுதான் வீடு. கட்டிலின் கால்மாட்டில் ஒரு மரப்பெட்டி வைத்து நீட்டிவிடுவேன். இரட்டைப் போர்வை போடுவேன். சாவியைக் கொடுப்பேன். மண்டபத்துக்குத் திரும்பினால் ஹெர் ஓல்சன் ஒரே கேள்விதான் கேட்பார்.

"வழியிலை நித்திரை கொண்டவனோ?"

கொண்டான் என்றால் தலையாட்டுவார். கொள்ளவில்லை என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். புது இடத்தில் நித்திரை கொள்ளத் தெரிந்தவன்தான் நிலைப்பான் என்பது அவர் எண்ணம். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காது. நான் சொல்கிற பதில் எங்கே போய் என்ன செய்யும் என்று தெரியாது. சிலவேளை முழிச்சுக்கொண்டிருந்தவனையும் நித்திரை என்று சொல்லியிருக்கிறேன்.

ஆளை அனுப்புகிற முறையும் அவருக்கு ஒன்றுதான். தேத்தண்ணிக் கோப்பையோடு கீழே வருவார். வானுக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் குடிப்பார். கோப்பை முடிந்த பிறகு சொல்வார்.

"ஹெர் சிவபாலன், நாளைக்கு வான் வெறுமையா வேணும்."

யார் என்று சொல்ல மாட்டார். அடுத்த நாள் காலை விலாசம் தருவார். தொடக்கத்தில் ஒருமுறை, ஏன் முதலே சொல்வதில்லை என்று கேட்டேன். "தெரிஞ்சால் உங்கடை முகத்திலை தெரியும்" என்றார். சரிதான்.

இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை என்பது ஒரு கிடாரத்தால் தெரிந்தது.

கோயில் தேர்த்திருவிழா. அன்னதானத்துக்குச் சோறு காய்ச்சுகிற பெரிய கிடாரம் ஒன்றை இன்னொரு ஊரிலிருந்து கொண்டுவர வேண்டும். ஹெர் ஓல்சனிடம் கேட்டு வானை எடுத்தேன். கிடாரம் உள்ளே போகவில்லை. பின்சீற்றைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனேன். தேர், அன்னதானம், கழுவல், திருப்பிக் கொடுத்தல். ஞாயிறு முடிந்தது. திங்கட்கிழமை காலையில் நான் உடுப்புத் தோய்க்கிற அறையில் நின்றேன். சீற் சுவரிலேயே நின்றது.

கொஞ்ச நேரத்தில் மண்டபம் ஒரு மாதிரியாக இருந்தது. வழக்கமாகப் பந்துச் சத்தம் கேட்கும், சிரிப்புக் கேட்கும், பாட்டுக் கேட்கும். அன்று ஒன்றும் இல்லை. போய்ப் பார்த்தேன். ஒருவன் கழிப்பறையில் சத்தி எடுக்கிறான். ஒரு அமெரிக்கன் மூலைக்குள் நின்று ரெலிபோனில் தன் முகவரோடு கதைக்கிறான். இன்னொருவன் தன் அலுமாரியை வெறுமையாக்கி எல்லாவற்றையும் பைக்குள் வைத்துவிட்டு பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறான். அவனைப் போகச்சொல்லி யாரும் சொல்லவில்லை.

கப்டன் உயரமான ஒரு ஜேர்மன்காரன். என்னை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டான்.

"சிவா, ஆர்?"

"என்ன ஆர்?"

சுவரைக் காட்டினான்.

"அது கோயிலுக்கு. கிடாரம் ஏத்தினது."

அவனுக்கு விளங்கவில்லை. கைகளை விரித்துக் கிடாரத்தின் அளவைக் காட்டினேன். சோறு என்றேன். சாமி என்றேன். அவன் சுவரில் சாய்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு உள்ளே போய்ச் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. அலுமாரியை வெறுமையாக்கியவன் வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் இதயம் அடிப்பது என் நெற்றியில் பட்டது.

அன்றிலிருந்து கவனித்தேன். பின்வாசலால் வருகிற ஒவ்வொருவனும் எனக்குக் காலை வணக்கம் சொல்வான். கண் என்மேல் இராது. வானின் கண்ணாடிக்குள் பார்ப்பான்.

நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். வந்த புதிதில் அகதிகள் விடுதியில் இருந்தபோது, ஆளைத் திருப்பி அனுப்ப விடிய ஒரு பொலிஸ் வான் வரும். யன்னலால் பார்ப்போம். ஆரைக் கொண்டுபோக வந்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவனைக் கொண்டுபோன நாளில் அவன் அடுப்பில் வைத்த பருப்பு அப்படியே தீய்ந்தது. நாங்கள் ஒருவரும் இறக்கி வைக்கவில்லை. அடுத்தது நாங்களோ என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றோம். இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த வானை நான் ஓட்டுகிறேன் என்று கிடாரம் ஏற்றிய பிறகுதான் விளங்கியது.

இனி டெவோனின் கதை.

டெவோன் அமெரிக்காவில் நாலு கல்லூரி மாறியவன். அங்கே பிள்ளைகள் ஒரு கல்லூரியில் சேர்ந்து, பயிற்சியாளர் மாறினால் தாங்களும் மாறி, இடம் கிடைக்காவிட்டால் திரும்ப மாறி, இப்படித்தான். பிராங்பேர்ட்டிலிருந்து வரும்போது சொன்னான்: "எல்லா இடத்திலையும் முதல் கிழமை நல்லாச் சிரிப்பினம், சிவா." பிறகு நித்திரை கொண்டான். டாக்குத்தரின் வாசல் வரைக்கும் நித்திரை. நான் பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை.

முதல் இரண்டு மாதம் நன்றாக விளையாடினான். இலையுதிர் காலத்தில் அவன் மனைவி கேலா வந்தாள். வயிற்றில் பிள்ளை. பிள்ளைப்பேறு பார்க்க அவளுடைய தாயால் வர முடியாது, நடக்க ஏலாதவ. கேலா வந்த பிறகு அவன் முழங்கால் நோகத் தொடங்கியது. முழங்கால்தானா என்று எனக்குத் தெரியாது. போடுகிற பந்தெல்லாம் வளையத்தில் பட்டு வெளியே போனது. நாங்கள் தோற்றோம். திரும்பத் தோற்றோம். லீக்கில் கடைசியில் நிற்கிறவர்கள் கீழ் லீக்குக்கு இறங்க வேண்டும். நாங்கள் அதற்குக் கிட்ட நின்றோம்.

டெவோன் மற்றவர்களைப் போலக் கண்ணாடிக்குள் பார்க்கவில்லை. நேரே கதவைத் திறந்து, பின்சீற்றில் கை வைத்து ஆட்டிப் பார்ப்பான்.

"இறுக்கமோ, சிவா?"

"இறுக்கம்."

பகிடி மாதிரித்தான் தொடங்கினான். மார்கழி வர அவன் சிரிப்பதில்லை. கை வைத்து ஆட்டுவான், கேட்பான், போவான். அவன் வரமுதல் நான் ஒவ்வொரு நாளும் ஸ்பனரால் நாலு போல்ற்றையும் ஒருமுறை இறுக்கி வைப்பேன். அது தேவையில்லாத வேலை. செய்தேன்.

பனி கொட்டிய ஒரு காலையில் கேலாவுக்குப் பிரசவ நோ வந்தது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மத்தியானத்துக்குள் பெண் பிள்ளை பிறந்தது. மலர் பார்க்கப் போனா. திரும்பி வந்து செருப்பைக் கழற்ற முதலே தொடங்கிவிட்டா.

"பிள்ளை பெத்தவளுக்குப் பச்சைத் தண்ணியும் குளிர்ப் பாண் துண்டும் குடுக்கினம். பக்கத்திலை ஐஸ் பை வேறை. உவைக்கு அறிவிருக்கோ?"

"அவைக்குப் பழக்கமப்பா."

"நீங்கள் சும்மா இருங்கோ. நீங்கள் எத்தினை பிள்ளை பெத்தனீங்கள்?"

மிளகு, மல்லி, மஞ்சள் என்று பத்தியச் சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொண்டுபோனா. கேலா கண்ணால் தண்ணீர் ஓட ஓட அதைச் சாப்பிட்டாளாம். உறைப்பு. பிறகு இன்னும் கேட்டாளாம்.

தாயையும் பிள்ளையையும் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுவதாகச் சொன்னார்கள். குழந்தைக்கான சீற் இல்லாமல் வாகனத்தில் ஏற்ற விடமாட்டார்கள். எங்கள் மகனுக்குப் பிராங்பேர்ட்டில் வேலை, அவனுடைய பிள்ளையின் பழைய சீற் எங்கள் வீட்டில் இருந்தது. வியாழக்கிழமை அதை வானின் பின்சீற்றில் வைத்துக் கட்டிக்கொண்டு நின்றேன். காலடிச் சத்தம் கேட்டது. ஹெர் ஓல்சன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து முன்பக்கம் நின்றார். நான் கதவைச் சாத்தினேன். அவர் குடித்தார். நான் அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடியக்கூடாது என்று நினைத்தேன். முடிந்தது.

"ஹெர் சிவபாலன், நாளைக்கு வான் வெறுமையா வேணும்."

"ஆர்?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் உப்பிடிக் கேக்கிறேல்லை."

"இண்டைக்குக் கேக்கிறன்."

கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார். "டெவோன். ஆள் மாத்திற கதவு வாற கிழமை மூடுது. அதுக்குப் பிறகு இந்தப் பருவத்துக்கு ஒருத்தரையும் எடுக்கேலாது. புது ஆள் சனிக்கிழமை வாறான். அவனுக்கு அந்த வீடு வேணும்."

மேலே போய்விட்டார்.

வீட்டுக்குப் போய் மலரிடம் சொன்னேன். அரிசி கழுவிக்கொண்டிருந்தவ, கையை எடுத்தா.

"எங்கை போகச் சொல்லுறாங்கள்?"

"கொஞ்ச நாளைக்கு ஒரு ஹோட்டல். பிறகு பிளேன்."

"முப்பத்தொண்டு நாள் முடியாமல் பச்சை உடம்புக்காரியையும் பிள்ளையையும் வெளியிலை எடுக்கிறதோ? இந்தக் குளிருக்கை?"

"அவை எங்கடை ஆக்கள் இல்லை. அவைக்கு முப்பத்தொண்டு இல்லை."

"பிள்ளை பெத்த உடம்புக்கு எங்கடை உங்கடை இருக்கோ?"

பென்சனுக்கு இன்னும் சில வருடம் இருந்தது. என் வயதில், என் படிப்பில், இன்னொரு வேலை யார் தருவார்கள்? அதையும் சொன்னேன்.

"வேலை போனால் நாங்கள் இந்த வீட்டிலை இருப்பம்" என்றா மலர். "அதுகள் எங்கை இருக்கும்?"

திரும்ப அரிசிக்குள் கையை விட்டா. எனக்குப் பசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. ஸ்பனர் சட்டைப்பைக்குள் கிடந்தது. சீற்றைக் கழற்றவில்லை. வானுக்குப் பக்கத்தில் நின்றேன். ஹெர் ஓல்சன் விலாசத்துண்டோடு வந்தார். கோப்பை இல்லை.

"சீற் உள்ளை இருக்கு" என்றார்.

"ஓம்."

"போல்ற் துருப்பிடிச்சு இறுகிப்போச்சோ?"

அவர் எனக்கு ஒரு வழி விட்டார் என்று நினைக்கிறேன். ஓம் என்றிருக்கலாம்.

"இல்லை. நான் கழட்டேல்லை."

கையை நீட்டினார். "ஸ்பனர்."

கொடுத்தேன். அவரே பக்கக் கதவைத் திறந்தார். குனிந்தார். அப்படியே நின்றார்.

பின்சீற்றில் குழந்தைச் சீற் கட்டியிருந்தது. மலர் காலையில் வந்து அதற்குள் ஒரு பழைய பருத்திச் சீலைத் துண்டை மடித்து விரித்திருந்தா. சீலைக்கு மேலே ஒரு இரும்புச் சாவி. பிறந்த பிள்ளைக்குப் பக்கத்தில் இரும்பு வைப்பது எங்கள் வழக்கம். ஹெர் ஓல்சன் சாவியை எடுத்துப் பார்த்தார்.

"இது எந்தக் கதவின்ரை?"

"ஒரு கதவின்ரையும் இல்லை. இரும்பு. பயத்துக்கு வைக்கிறது."

"ஆரின்ரை பயத்துக்கு?"

"எல்லாரின்ரை பயத்துக்கும்" என்றேன்.

சாவியை எடுத்த இடத்திலேயே வைத்தார். சீலையின் சுருக்கத்தை விரலால் நீவினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"எத்தினை நாள் வேணும்?"

"முப்பத்தொண்டு."

"ஏன் முப்பத்தொண்டு?"

"தாயும் பிள்ளையும் வெளிக்கிடக் கூடாது. அது எங்கடை விதி."

"விதியோ?"

"விதி."

"ஆர் போட்டது?"

"தெரியாது. என்ரை தாய்க்கும் இருந்தது."

முப்பத்தொரு நாள் என்றால் ஆள் மாற்றுகிற கதவு மூடிவிடும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் ஸ்பனரை என் கையில் வைத்தார். விலாசத்துண்டைத் தன் பைக்குள் வைத்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ. ரோட்டு வழுக்கும், மெல்லப் போங்கோ."

சனிக்கிழமை புது ஆள் வரவில்லை. என்னை பிராங்பேர்ட்டுக்கு அனுப்பவில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. டெவோனுக்கும் ஒன்றும் தெரியாது. அவன் தொடர்ந்தும் காலையில் வந்து சீற்றை ஆட்டிப் பார்த்தான். "இறுக்கமோ?" "இறுக்கம்." கதவு மூடுகிற நாள் வந்து போனது. அடுத்த காலை அவன் வான் கதவைத் திறக்கவில்லை. காலை வணக்கம் சொல்லிவிட்டு நேரே உள்ளே போனான். அன்று ஆட்டத்துக்குப் போகிற பஸ்ஸில், போகவும் வரவும் நித்திரை கொண்டான்.

முப்பத்தோராம் நாள் எங்கள் வீட்டில் தீட்டுக் கழிவு செய்தோம். எங்கள் முறைக்கு முழுதாக இல்லை. மலர் சமைத்தா, பிள்ளையின் நெற்றியில் கறுப்புப் பொட்டு வைத்தா. டெவோன் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டான். ஹெர் ஓல்சனையும் கூப்பிடச் சொன்னா மலர். போய்ச் சொன்னேன். "அவன் என்ரை ஆட்டக்காரன். நான் வாறது சரியில்லை" என்றார்.

எனக்குப் பயம் அதோடு முடியவில்லை. அதற்குப் பிறகுதான் கூடியது. டெவோன் திரும்ப நன்றாக விளையாடினான், ஆனால் அவன் ஒருவன் காணாது. உயரமான ஒரு ஆள் தேவை என்று மண்டபத்தில் இருந்த சின்னப்பிள்ளைக்கும் தெரிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் தண்ணீர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து புள்ளிப் பலகையைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தேன். சத்தத்திலேயே தெரிந்துவிடும். தோற்ற ஒவ்வொரு முறையும் நான் சொன்ன அந்த ஒரு இலக்கம் காதில் கேட்டது.

கெல்சென்கிர்ச்சனில் கடை வைத்திருக்கிற குணம் விடமாட்டான்.

"என்ன சிவண்ணை, உங்கடை நெடுவலுகள் இந்தக் கிழமையும் படுத்திட்டாங்களாமே? உந்தக் கோச்சுக்கு மண்டைக்கை ஒண்டுமில்லையோ? நேரத்தோடை ஒருத்தனைப் பிடிச்சிருக்கலாமே?"

"உழுந்து ஒரு கிலோ போடு" என்றேன்.

ஊர்ப் பத்திரிகைக்காரனும் அதையே கேட்டான். ஏன் புது ஆள் எடுக்கவில்லை? ஹெர் ஓல்சன், இருக்கிறவர்கள் போதும் என்று தான் நினைத்ததாகச் சொன்னார். என்னைக் காட்டவில்லை. டெவோனைக் காட்டவில்லை. நான் உடுப்பு மடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

கடைசி ஆட்டத்தில் ஒரு கூடை வித்தியாசத்தால் தோற்றோம். டெவோன் அன்று எல்லாரையும் விட நன்றாக விளையாடினான். கீழ் லீக்குக்கு இறங்கினோம்.

அடுத்த கிழமை கிளப் அலுவலகத்திலிருந்து ரெலிபோன் வந்தது. கந்தோர்ப் பெண். "நாளைக்கு வான் வெறுமையா வேணும்." பருவம் முடிந்தது, டெவோன் குடும்பம் ஊருக்குப் போகிற காலம், அவர்களுடைய சாமான்களுக்கு என்று நினைத்தேன். தொட்டில், வண்டில், எல்லாம் இருந்தது. சீற்றைக் கழற்றினேன். கிடாரம் ஏற்றிய நாளுக்குப் பிறகு அந்த நாலு போல்ற்றையும் பயமில்லாமல் கழற்றியது அன்று மட்டும்தான். சுவரில் சாய்த்தேன்.

ஹெர் ஓல்சன் தேத்தண்ணிக் கோப்பையோடு கீழே வந்தார். படியிலேயே நின்றுவிட்டார். சுவரைப் பார்த்தார்.

"நான் சொல்லேல்லையே" என்றார்.

"கந்தோராலை சொன்னவை."

"ஆரெண்டு சொன்னவையோ?"

"இல்லை."

அப்போதுதான் எனக்குப் பட்டது. என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படியிலேயே இருந்து அந்தத் தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார். அவசரப்படவில்லை. குடித்து முடித்துக் கந்தோருக்குப் போனார்.

அடுத்த நாள் காலை விலாசம் தந்தார்கள். மண்டபத்துக்கு எதிர்ப்பக்கம். ரோட்டைக் கடந்தால் போதும். நான் வானைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன். ஹெர் ஓல்சன் கோட்டோடு வெளியே நின்றார். காலடியில் ஒரு பெட்டி.

"மற்றதுகள்?" என்று கேட்டேன்.

"இவ்வளவுதான்."

"தேவையில்லாமல் கழட்டிப்போட்டன்."

"பறுவாயில்லை. திருப்பிப் பூட்டுங்கோ. ரெயினுக்கு நேரமிருக்கு."

வானைத் திரும்ப மண்டபப் பின்வாசலுக்கு எடுத்தேன். அவரும் பின்னால் நடந்து வந்தார். சீற்றின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார். உள்ளே வைத்தோம். நான் படுத்துக் கிடந்து பூட்ட, அவர் முழங்காலில் இருந்து போல்ற்றை ஒவ்வொன்றாகத் தந்தார். ஒன்று கை தவறி விழுந்தது. தேடி எடுத்துத் துடைத்துத் தந்தார்.

"அந்தப் பிள்ளைக்குப் பல்லு முளைச்சிட்டுதோ?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை. எல்லாத்தையும் கடிக்குது."

நாலாவதையும் இறுக்கிவிட்டு எழும்பினேன். அவர் சீற்றில் கை வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"இறுக்கமோ, ஹெர் சிவபாலன்?"

"இறுக்கம்."

முன்னால் ஏறுவார் என்று நினைத்தேன். பின்னால் ஏறி இருந்தார். பெட்டியைப் பக்கத்தில் வைத்தார். ஸ்ரேசன் வரைக்கும் நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு போனேன். அவர் நித்திரை கொள்ளவில்லை.